பூட்டுப் போடாமல் விற்கும் ஜிஓஜி

கணினி விளையாட்டுகளை விற்கும் ஜிஓஜி தளத்தில் சில ஆண்டுகளாக வாங்கி வருகிறேன். திருட்டுப் பதிப்பைப் பற்றிப் பேசாமல் இந்தத் தளத்தை மதிப்பிட முடியாது. இதைத் தொடங்கிய சிடி ப்ராஜெக்ட் நிறுவனம் 1994-இல் போலந்தில் உருவானபோது, அங்கே திருட்டுக் குறுந்தகடுகள் சந்தைகளில் வெளிப்படையாகவே விற்பனையாயின. அவற்றோடு போட்டியிட 1999-இல் பால்டர்ஸ் கேட் விளையாட்டுக்குப் போலிஷ் மொழியில் நல்ல நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்து, பெட்டிக்குள் கூடுதல் பொருள்களையும் வைத்து விற்று, அந்த நிறுவனம் வெற்றி கண்டது. வாங்குபவரைச் சந்தேகிப்பதை விட அவருக்கு நல்ல பொருளைக் கொடுப்பதே மேல் என்ற அந்த எண்ணம்தான் 2008-இல் ஜிஓஜி ஆயிற்று.

இங்கே வாங்கும் விளையாட்டுக்கு, வாங்கியவர்தானா என்று சரிபார்த்த பிறகே திறக்கும் டிஆர்எம் என்ற மின்னணுப் பூட்டு கிடையாது. சென்ற மாதம் விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து விளையாட்டு ஒன்றின் நிறுவல் கோப்பை வெளி வன்தட்டில் சேமித்து, இணைய இணைப்பே இல்லாத மடிக்கணினியில் நிறுவிப் பார்த்தேன். பயனர் பெயரோ கடவுச்சொல்லோ கேட்கவில்லை. அதை இன்றைய கணினியில் ஓடவைக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளும் கூடவே வந்திருந்ததால், சில நிமிடங்களில் ஆட்டம் திரையில் ஓடியது. வேறொரு கடையில் முன்பு வாங்கிய விளையாட்டோ, அதன் பூட்டைச் சரிபார்க்கும் சர்வரை நிறுத்திய நாள் முதல், கோப்புகள் அனைத்தும் என் கணினியிலேயே இருந்தும் திறக்க மறுக்கிறது. பணம் கொடுத்தவனுக்கு இந்த நிலை. பூட்டை உடைத்த நகலை இறக்கியவர் இன்றும் ஆடிக்கொண்டிருப்பார் என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

அதற்காக அந்த நகல் சரியாகிவிடாது. பதிப்புரிமை மீறலைத் திருட்டோடு எளிதில் ஒன்றாக்கிவிட முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-இல் டௌலிங் வழக்கில் சொன்னதை நானும் ஏற்கிறேன்: மிதிவண்டியைத் திருடினால் உரியவர் நடந்து போக வேண்டியிருக்கும், கோப்பை நகலெடுத்தால் மூலம் அவரிடமே இருக்கும். ஆனால் பல ஆண்டுகள் உழைத்து ஒன்றை உருவாக்கியவருக்குச் சேர வேண்டிய கூலியைக் கொடுக்காமல் அதை அனுபவிப்பது, பெயர் எதுவானாலும், அநியாயம்தான். என் தங்கை மகன் அந்த நிறுவல் கோப்பைக் கேட்டான். கொடுத்திருந்தால் தடுக்க எந்தப் பூட்டும் இல்லை. தள்ளுபடி வரும்வரை பொறுத்திருந்து, அவனுக்கென்று தனியாக ஒன்று வாங்கி அனுப்பினேன். நம்பி விற்கும் கடையிடம் வேறு மாதிரி நடந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆடிப் பார்த்த விளையாட்டுக்குக்கூட முப்பது நாள்களுக்குள் பணத்தைத் திருப்பித் தரும் விதியை 2020-இல் கொண்டுவந்ததும் இதே நம்பிக்கையால்தான் என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. பெரிய நிறுவனங்களின் புதிய விளையாட்டுகள் இங்கே தாமதமாக வருகின்றன, பல வருவதே இல்லை. சிலவற்றில் பலரோடு சேர்ந்து ஆட ஜிஓஜியின் கேலக்ஸி செயலி தேவைப்படுகிறது. லினக்ஸ் இயங்குதளம் பயன்படுத்துவோருக்கு அந்தச் செயலி கிடையாது. சட்டப்படி இங்கும் நமக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம்தான், விளையாட்டு நமக்குச் சொந்தமாகிவிடாது. ஆகவே வாங்கியதும் கணக்கில் கிடக்கட்டும் என்று விட்டுவிடாமல், நிறுவல் கோப்பை அன்றே இறக்கி ஒரு வன்தட்டில் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.