வேக கிரேடியன்ட்டுக்கு நம்பி வாங்கலாம் இந்த பைனரி பம்ப்

திரவ நிறப்பிரிகையில் (HPLC, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் முறை) 50 மி.மீ. நீளம், 2.1 மி.மீ. உள்விட்டமுள்ள பிரிப்புக் குழாயில் இரண்டு நிமிட கிரேடியன்ட் (ஓட்டத்தின்போதே கரைப்பான் விகிதத்தை மாற்றுவது) ஓட்டுபவர்களுக்கு, இரண்டு கரைப்பான்களைச் செலுத்தும் இந்த பம்பைத் தயங்காமல் சொல்வேன். கரைப்பான்களை உயர் அழுத்தத்தில் கலப்பதால், கலக்கும் இடத்துக்கும் குழாய்க்கும் நடுவே தங்கும் கனஅளவு குறைவு. கிரேடியன்ட் சீக்கிரம் வந்து சேர்கிறது. காலையில் போட்ட ஸ்டாண்டர்டின் (அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரி) வரைபடமும் மாலையில் போட்டதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்துகின்றன. அதைப் பார்க்க அவ்வளவு நிம்மதி!

நேரம் மிச்சம் என்று மறுசமநிலையை (அடுத்த ஓட்டத்துக்கு முன் குழாயைத் தொடக்கக் கலவைக்குத் திருப்புவது) குறைக்காதீர்கள், வரைபடத்தில் முதலில் வரும் பீக்குகள் (பொருள்களைக் காட்டும் முகடுகள்) நகரும். நிரப்புத் துகள்கள் போக இந்தக் குழாயில் திரவம் தங்கும் கனஅளவு சுமார் 0.1 மி.லி.தான், நிமிடத்துக்கு 0.5 மி.லி. ஓட்டத்தில் அதைப்போல் பத்து மடங்கு கரைப்பான் அனுப்ப இரண்டு நிமிடம் போதும்.

அப்புறம், கரைப்பான்களில் ஒன்றான அசிட்டோநைட்ரைல் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் வரைபடத்தின் அடிக்கோடு கொஞ்சம் அலைகிறது. இரண்டு கரைப்பான் பாட்டிலிலும் மற்றதன் கரைப்பானைச் சிறிது கலந்து வைத்ததும் அடங்கியது.