ஒரே சீட், மூணு பேர்: பிளாக்செயின் டிக்கெட்டோடு இரண்டு வருஷம்

2023-ல் ஓஎம்ஆர் பக்கம் ஒரு இசை நிகழ்ச்சி. வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தரிடம் 2,500 ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கினேன். வெறும் பிடிஎஃப்தான். வாசலில் ஸ்கேன் பண்ணின பையன், "அண்ணா, இது ஏற்கெனவே உள்ள போயிருச்சே" என்றான். பின்னால் நின்ற இரண்டு பேரிடமும் அதே பிடிஎஃப், அதே சீட் நம்பர். மூணு பேரும் எதிர் டீக்கடையில் நின்று பாட்டு கேட்டோம். சத்தம் நன்றாகவே கேட்டது.

அதற்கப்புறம்தான் பிளாக்செயின் டிக்கெட் தரும் ஒரு ஆப்புக்கு மாறினேன். நந்தனம், தேனாம்பேட்டை, சின்ன நாடக அரங்குகள் என்று இதுவரை 11 நிகழ்ச்சி. போலி டிக்கெட் சிக்கல் ஒரு தடவைகூட வரவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதில் டிக்கெட் என்பது ஃபைல் இல்லை. பல கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கும் ஒரு பேரேட்டில் (அதுதான் பிளாக்செயின்), இந்த சீட் இந்த வாலட்டுக்கு, அதாவது ஆப்பில் இருக்கும் இந்த ஆளின் டிஜிட்டல் பர்ஸுக்குச் சொந்தம் என்று ஒரு பதிவு. கை மாறினால் புதுப் பதிவு சேரும். பழையது அப்படியே இருக்கும். வாசலில் காட்டும் க்யூஆர் சில நொடிக்கு ஒருமுறை மாறுவதால் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. இந்த மாறும் க்யூஆருக்கு பிளாக்செயினே தேவையில்லை, சாதாரண ஆப்பே செய்யும். விளம்பரத்தில் இதைத்தான் பெரிசாகக் காட்டுகிறார்கள்.

பிளாக்செயின் நிஜமாகவே உதவுவது மறுவிற்பனையில். எத்தனை ரூபாய்க்கு மேல் விற்கக்கூடாது என்று நிகழ்ச்சி நடத்துபவர் முன்கூட்டியே எழுதிவைத்துவிடலாம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது 1,800 ரூபாய் டிக்கெட்டை அதே விலைக்கு ஆப்பிலேயே தள்ளிவிட்டேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் பிளாக் டிக்கெட் ஆசாமிகள் லேசுப்பட்டவர்களா? "மேல 3,000 ஜிபே பண்ணுங்க சார், அப்புறம் டிரான்ஸ்ஃபர் பண்றேன்" என்று ஒருத்தர் என்னிடமே கேட்டார். பேரேட்டில் ஏறுவது அசல் விலை மட்டும்தான்.

அம்மா கதை தனி. ஆளுக்கொரு வாலட் வேண்டும் என்றதால் அவருக்கும் ஒன்று போட்டேன். சான்றிதழ்களுக்கு தமிழ்நாடு அரசு பிளாக்செயினில் 'நம்பிக்கை இணையம்' என்று கொண்டுவந்ததே, அந்த வகைதான் என்று விளக்கினேன். "பேரு நல்லாத்தான் இருக்கு" என்றார். போன் தொலைந்தால் வாலட்டை மீட்கத் தேவைப்படும் 12 சொற்களை தினசரி காலண்டர் தாளில் எழுதிவைத்தார். மறுநாள் காலை அப்பா வழக்கம்போல அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். அதே வாரம் அம்மாவின் போனும் போய்விட்டது. மூணு நாள் மெயில் அனுப்பியபின், நிகழ்ச்சிக்காரர்கள் பழைய டிக்கெட்டை ரத்து செய்து புதிது கொடுத்தார்கள். நல்லவேளை என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. அவர்கள் நினைத்தால் ரத்து செய்யலாம் என்றால் இவ்வளவு பெரிய சங்கிலி எதற்கு என்பது அப்புறம்தான் உறைத்தது.

இன்னொரு தொல்லை வாசலில். ஆயிரக்கணக்கான பேர் ஒரே இடத்தில் கூடினால் டேட்டா படுத்துவிடுகிறது. ஒரு மைதானத்தில் 40 நிமிஷம் க்யூஆர் சுற்றிக்கொண்டே இருந்தது. என் போனில் 6 சதவீதம் சார்ஜ். "பிரைட்னஸ் ஏத்துங்கண்ணா" என்கிறான் பையன், ஏற்றினால் போன் அணைந்துவிடும். 2018-ல் எஸ்டோனியாவின் தாலினில் நடந்த யூஇஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) சூப்பர் கோப்பைப் போட்டிக்கு பிளாக்செயின் டிக்கெட் கொடுத்தபோது, நுழைவாயில்களில் புளூடூத் கருவிகளையும் சேர்த்து வைத்திருந்தார்கள். இங்கே ஒரு வைஃபை பெட்டியாவது வைத்திருக்கலாம்.

டிசம்பர் கச்சேரிக்கு அம்மா பழையபடி சபா வாசலில் நின்று காகித டிக்கெட் வாங்கிக்கொள்கிறார். நான் ஆப்பை அழிக்கவில்லை. அடுத்த மாதம் நந்தனத்தில் ஒன்றுக்கு எடுத்திருக்கிறேன், கூடவே ஒரு பவர் பேங்கும் வாங்கியாயிற்று.