இளைய தாரத்துப் பிள்ளைக்கும் தத்துப்பிள்ளைக்கும் எந்த கேமில் இடம்?

பெற்றோரை இழந்த பிள்ளையைச் சித்தியோ மாமாவோ எடுத்து வளர்க்கும் வீடுகள், 2009இல் இலங்கைப் போர் முடிந்த பிறகு வன்னியில் ஊருக்கு ஊர் உண்டு. மறுமணம் செய்தவர்கள் வீட்டில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றாக வளர்கிறார்கள். அதனால் ஓர் அரச குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்தும் வம்ச கணினி கேமை எடுத்தால், போர் எப்படி என்பதைவிட இந்தப் பிள்ளைகளுக்கு அதில் என்ன இடம் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

2020இல் வந்த குருசேடர் கிங்ஸ் 3 இந்த விஷயத்தில் மிக ஆழமானது. தொடக்கத்தில் பெரும்பாலான அரசுகளில் பங்கு பிரிக்கும் முறைதான். அரசன் இறந்ததும் நிலம் பிள்ளைகளிடையே பிரிந்துபோகும். மூத்த தாரம், இளைய தாரம் என்ற வேறுபாடு கிடையாது. தகப்பன் ஒருவர் என்றால் முறையாகப் பிறந்த மகன்கள் எல்லோருக்கும் பொதுவாகப் பங்கு உண்டு. போதிய வாரிசுகள் இருக்கும்போது மனைவி இறந்துவிட்டால், ஆடுபவர் பலர் வயது கூடிய பெண்ணாகப் பார்த்து மறுமணம் செய்வது இதனால்தான். இன்னொரு மகன் பிறந்தால் நாடு இன்னொரு துண்டாகும். மூத்தவனுக்கே முழுதும் என்ற சட்டம் கிடைக்க, பிந்திய இடைக்காலம் வரை பொறுத்திருக்க வேண்டும். பிள்ளையின் வாரிசுரிமையைப் பறிக்கலாம்தான், ஆனால் வம்சத்தின் புகழை விலையாகக் கொடுக்க வேண்டும். அந்த விலை நியாயமானதென்றே எனக்குப் படுகிறது.

மனைவி முந்தைய மணத்தில் பெற்ற பிள்ளைக்கு மாற்றாந்தகப்பனின் நாட்டில் ஒரு பிடி மண்ணும் வராது. தாயின் பட்டங்கள் மட்டும் அவனுக்கு வரலாம். இது கொடுமையாகத் தோன்றும். ஆனால் ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்த நம் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் சொத்து எந்தப் பக்கத்தால் வந்தது என்றுதான் பார்க்கிறது. கணவன் பக்கத்து முதுசம் ஒரு வழி, மனைவி கொண்டுவந்த சீதனம் ஒரு வழி. அந்தக் கணக்கை இந்த கேம் நன்றாகவே பிடித்திருக்கிறது.

இடறுவது தத்தெடுப்பில். முதலில் வெளிவந்தபோது அது இருக்கவே இல்லை. ஒரு பிள்ளைக்குப் பாதுகாவலராகி வளர்க்கலாம், படிப்பிக்கலாம், அவ்வளவுதான். தத்தெடுப்பு பின்னர் வந்த விரிவாக்கங்களில்தான் சேர்ந்தது. தேசவழமையிலோ தத்தெடுப்புக்கு உறவினர் மஞ்சள் நீரில் விரல் தோய்த்துச் சம்மதம் சொல்லும் சடங்கே இருந்தது. தத்துப்பிள்ளைக்கு வளர்த்தவர் சொத்தில் உரிமை வந்தது, பெற்றவர் சொத்தில் போனது. இவ்வளவு தெளிவான ஏற்பாடு ஒரு கேமில் வந்தால் எத்தனை நாடகம் நடக்கும்! சம்மதிக்காத சித்தப்பா ஒருவரே போதும்.

2006இல் வந்த மீடிவல் 2: டோட்டல் வார் இதற்கு நேர் எதிர். தளபதி இல்லாத படையை ஒரு சாதாரணத் தலைவன் வெற்றிக்கு நடத்தினால், அவனைக் குடும்பத்தில் சேர்க்கலாமா என்று கேட்கும். ஆம் என்றால் குடும்ப மரத்தில் அவனுக்கும் ஒரு கிளை. குடும்பம் சிறுத்தால் தத்தெடுக்க ஆட்களை கேமே கொண்டுவரும். மகளை மணக்க வருபவனும் குடும்பத்தவனாகிறான். நாடு பங்கு போவதே இல்லை என்பதால் மாற்றுச் சகோதரர்களுக்குள் சண்டைக்கு இடமில்லை. கதவு அகலமாகத் திறந்திருக்கிறது, உள்ளே வீடுதான் இல்லை. சேர்ந்தவனைப் பார்த்துப் பொருமும் அண்ணனும் இல்லை, அணைத்துக்கொள்ளும் தாயும் இல்லை.

இரண்டுக்கும் நடுவே 2019இன் டோட்டல் வார்: திரீ கிங்டம்ஸ் நிற்கிறது. அதன் காலம் இடைக்காலத்துக்கு முந்தைய சீனம். அதில் வளர்ந்தவரையும் தத்தெடுக்கலாம், வாரிசாகவும் அமர்த்தலாம்.

பங்குச் சண்டையும் மாற்றாந்தாய் வீட்டுச் சிக்கலும் வேண்டுமென்றால் குருசேடர் கிங்ஸ் 3, வேறு யோசனையே வேண்டாம். வெளியாள் ஒருவனை உள்ளே எடுத்து ஆளாக்கிப் பார்க்க விரும்பினால் திரீ கிங்டம்ஸ். பழைய கணினி மட்டும் இருக்கிறதா? சரி, மீடிவல் 2 இன்னும் நன்றாகவே ஓடும்.