ஸ்விஃப்ட்டை ட்ராக் வண்டியாக்கிய கணபதிப் பட்டறை: என் அனுபவம்

எங்கள் வீட்டில் 2008 மாடல் ஸ்விஃப்ட் ஒன்று இருக்கிறது. 1.3 பெட்ரோல். பையனைப் பள்ளிக்கூடத்தில் விட, பழனிக்குப் போக, கல்யாணத்துக்குப் போக என்று 92,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. புது வண்டி வந்த பிறகும் இதை விற்க மனசு வரவில்லை. கோவை செட்டிபாளையத்தில் இருக்கிற கரி ஸ்பீட்வே பந்தயப் பாதையில் ஒரு ட்ராக் டேக்கு (சொந்த வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கிற நாள்) அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். நாலாவது சுற்றில், நேர்கோடு முடிந்து வளைவு வருகிற இடத்தில் பிரேக் பெடல் சளக்கென்று அடிவரை போய்விட்டது. எப்படியோ மண்ணில் இறக்கி நிறுத்தினேன். இறங்கி ரொம்ப நேரம் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

அதற்கப்புறம்தான் கணபதியில் இருக்கிற இந்தப் பட்டறைக்குப் போனேன். மொத்தம் நாலே பேர். வேலை ஏற்கெனவே கழுத்து வரை இருப்பதால் பெயர் போட வேண்டாம் என்று பட்டறையை நடத்துகிற அண்ணன் கேட்டுக்கொண்டார். நான் கேட்டது இஞ்சின் வேலை. கேம் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், ஈசியூ (இஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கணினி) என்று ஒரு பட்டியலே எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். "ஏனுங்க, அன்னைக்கு ட்ராக்ல வண்டி ஓடலைன்னா வந்தீங்க? நிக்கலைன்னுதானுங்களே வந்தீங்க?"

அந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பட்டறையை நான் யாருக்கும் சொல்வேன். இஞ்சின் வேலையில்தான் காசு அதிகம். அதை வேண்டாம் என்று சொல்ல மனசு வேண்டும்.

முதலில் வண்டியை உரித்தார்கள். பின் சீட்டு, கார்ப்பெட், ஏசி, கதவு அட்டை எல்லாம் வெளியே. தரையில் சத்தத்துக்காக ஒட்டியிருக்கிற தார் ஷீட்டை ஹீட் கன் வைத்துச் சுரண்டவே இரண்டு நாள் ஆனது. எடை மேடையில் 1,010 கிலோ காட்டிய வண்டி, ரோல் கேஜ் (வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவரைக் காக்கிற இரும்புப் பைப் கூண்டு) ஏறிய பிறகும் 920தான்.

கேஜைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை. இருபது வருஷமாக வெல்டிங்கோடுதான் வாழ்க்கை. தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் பற்றவைத்த, அதாவது தையல் உள்ள, சாதாரண இஆர்டபிள்யூ பைப்பில் கேஜ் அடித்துத் தருகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். இவர் போட்டது தையலே இல்லாமல் இழுத்துச் செய்த சிடிஎஸ் பைப். மெயின் வளையம் 45 மில்லி, கனம் 2.5 மில்லி, மற்றவை 38 மில்லி. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதியில் இருக்கிற அதே அளவு. வளைத்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தேன், ஒரு சுருக்கம் இல்லை. கூரையை ஒட்டி வருகிற மூட்டில் வெல்டிங் டார்ச் நுழையாது. பலர் கீழ்ப் பாதியை மட்டும் பற்றவைத்துவிட்டு பெயின்ட் அடித்து விடுவார்கள். இவர்கள் தரையில் நாலு ஓட்டை போட்டு, கேஜை அரை அடி கீழே இறக்கி, மேல் மூட்டைச் சுற்றிலும் பற்றவைத்து, பிறகு மேலே தூக்கி, அடியில் 3 மில்லி பிளேட் வைத்து மூடினார்கள். அந்த வெல்டைப் பார்த்தபோது கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு. பெயின்ட் அடித்தபின் யார் கண்ணுக்கும் தெரியப்போகாத வேலை அது.

இதற்கு முன்னால் வேறொரு கடையில் ஆறு முனை சீட் பெல்ட் மாட்டியிருந்தேன். தோள் வாரை அவர்கள் சீட்டுக்குப் பின்னால் தரையில் போல்ட் போட்டு வைத்திருந்தார்கள். அண்ணன் பார்த்ததும் கழற்றிவிட்டார். மோதினால் வார் தோளைக் கீழ்நோக்கி இழுக்கும், முதுகெலும்பு அமுங்கிவிடும் என்றார். இப்போது வார் தோள் உயரத்துக்குச் சற்றே கீழே, கேஜின் குறுக்குப் பைப்பில் கட்டியிருக்கிறது.

அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்கிற தரத்தில் வருகிற புது ஆயில் 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140க்கு இறங்கிவிடும். கொதித்தால் லைனுக்குள் ஆவி. ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. எனக்கு நடந்தது அதுதான். அதிகச் சூடு தாங்குகிற ஆயில், ட்ராக் பேடு, ஸ்டீல் வலை போர்த்திய ஹோஸ் போட்டார்கள். பனி விளக்கு இருந்த ஓட்டையிலிருந்து டிஸ்க்குக்குக் காற்றுக் குழாய் இழுத்தார்கள். இஞ்சினில் டைமிங் பெல்ட்டும், வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்காமலிருக்க சம்ப்பில் (இஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டி) ஒரு தடுப்புத் தகடும் மட்டும்தான்.

குறையும் இருக்கிறது. ஆறு வாரம் என்றார்கள், பதினொரு வாரம் ஆனது. போன் எடுக்க மாட்டார்கள், நேரில்தான் போக வேண்டும். பில்லை இனம் பிரித்துக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மொத்தம் 4,80,000 ரூபாய். வண்டி விலையை விடக் கூடுதல். வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்று. இது இனி ரோட்டு வண்டி இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இந்த மாதிரி மாற்றத்தை அனுமதிக்காது. ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்தால் சின்ன இடியிலேயே தலை கேஜில் மோதும். செட்டிபாளையத்துக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் கொண்டு போகிறேன். போட்டியில் இறங்க, இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அதே 87 குதிரைத்திறன் இஞ்சினோடு பழைய நேரத்தைவிட நாலு விநாடி குறைவாகச் சுற்றினேன். பத்தாவது சுற்றிலும் அதே இடத்தில் மிதித்தேன். முதல் சுற்றில் பெடல் எவ்வளவு கெட்டியாக இருந்ததோ, அவ்வளவு கெட்டியாகவே இருந்தது. பிட்டுக்குள் வந்ததும் அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராகக் குனிந்து நாலு வீலின் நட்டுகளையும் தொட்டுப் பார்த்தார்.