சதவீதமா, அடைவு நிலையா: பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி

பின்னப் பாடத்தில் ஒரு மாணவி ஒரு பருவத்தில் வாங்கியவை 40, 50, 70, 90, 95. இன்னொருத்தி ஐந்து தேர்விலும் 69. சதவீத முறையில் இருவரின் ரிப்போர்ட் கார்டும் ஒன்றுதான்: 69. ஆனால் முதலாமவளுக்குப் பின்னம் கைவந்துவிட்டது. இரண்டாமவளுக்கு ஏதோ ஒரு படி இன்னும் புரியவில்லை. அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா என்று கட்டணம், தூரம், வகுப்பு அளவு எல்லாம் அலசும் பெற்றோர், மதிப்பெண்களை எப்படிச் சேர்க்கிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

சதவீதம் எல்லாருக்கும் புரியும், தர வரிசைக்கு வசதி; அதில் விளக்க ஒன்றுமில்லை. ஏ, பி, சி கிரேடும் பல பள்ளிகளில் அதே சதவீதத்துக்குப் போட்ட சட்டைதான். எண்ணே இல்லாமல் பத்தியாக எழுதித் தரும் விவரண அறிக்கை சிறு வகுப்புகளுக்கு அருமையானது. வகுப்பு பெரிதானால் பெயர் மட்டும் மாறி ஒரே வாக்கியம் எல்லாருக்கும் வரத் தொடங்கும்.

என் சாய்வு அடைவு நிலை முறைக்கு. ஒரு பாடத்தைத் திறன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை நிலை தருவார்கள். 3 என்றால் எதிர்பார்த்த அளவை எட்டியாயிற்று. 'கணக்கு 69' என்பதற்குப் பதில் 'பின்னக் கூட்டல் 4, பின்ன வகுத்தல் 2' என்று வந்தால், வீட்டில் எதை எடுத்துவைத்து உட்காருவது என்று தெரியும்.

அதைவிடப் பெரிய காரணம் பூஜ்யம். நான்கு தேர்வில் 90, ஒப்படைக்காத ஒரு வேலைக்கு 0 என்றால் சராசரி 72. விடுபட்ட ஒரு தாள் 18 மதிப்பெண்ணைத் தின்றுவிடுகிறது, பாட அறிவு அப்படியே இருக்கும்போதே. இதைச் சமாளிக்கச் சில பள்ளிகள் குறைந்தபட்சம் 50 என்று வைக்கின்றன. அப்போது 82 வரும். அது ஒட்டுப்போட்ட தீர்வு. அடைவு நிலை முறையில் 'சான்று இல்லை' என்று எழுதிவிட்டு, அந்த வேலையை வாங்குவார்கள். நேரத்துக்குத் தராத பழக்கம் தனிக் கட்டத்தில் பதிவாகும்.

ஆனால் பெயரைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. பள்ளியின் மென்பொருளில் எந்தக் கணக்கு இருக்கிறது என்று கேளுங்கள். 1, 2, 3, 4 என்று ஏறிய மாணவருக்குச் சாதாரணச் சராசரி 2.5. கடைசித் தேர்வுக்கு 65 சதவீதம், முந்தையவற்றின் சராசரிக்கு 35 சதவீதம் என்று எடை வைத்தால் 3.3. அதே எடையில் 4, 3, 2, 1 என்று இறங்கியவருக்கு 1.7தான். காய்ச்சலோடு எழுதிய கடைசித் தேர்வு அப்படியே நிற்குமா, ஆசிரியர் தம் தீர்ப்பால் மாற்றலாமா என்பதும் தெரிய வேண்டும்.

இதைவிட மோசமான தவறு 3ஐ 4ஆல் வகுத்து 75 சதவீதம் என்று மாற்றுவது. இலக்கை எட்டிய பிள்ளை சுமாரான பிள்ளையாகிவிடும். இப்படி மாற்றும் பள்ளியைவிட நேர்மையான சதவீதப் பள்ளியே மேல்.

அரசுப் பள்ளியில் விதி மேலிருந்து வரும். எழுத்தில் கேட்டு வாங்கலாம், எல்லா ஆசிரியருக்கும் பொதுவாக இருக்கும். ஆனால் கொள்கை மாறும். அமெரிக்காவின் மெயின் மாநிலம் அடைவை வைத்தே பள்ளிச் சான்றிதழ் என்று 2012இல் சட்டம் செய்து, 2018இல் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. தனியார் பள்ளிக்கு முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடுதல் சுதந்திரம் உண்டு. அதனாலேயே ஒரே கட்டடத்தில் இரண்டு ஆசிரியர்களின் 3 வேறுவேறாக இருக்கும் ஆபத்து உண்டு. ஒரே விடைத்தாளை இருவர் திருத்தி ஒப்பிடும் வழக்கம் அங்கே இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலாரியட்) என்ற சர்வதேசப் பாடத்திட்டத்தின் நடுநிலைத் திட்டம் உள்ள பள்ளியானால் பாதி வேலை முடிந்தது: பாடத்துக்கு நான்கு அளவுகோல், ஒவ்வொன்றும் 8 வரை, மொத்தம் 32, அதில் 28 அல்லது அதற்கு மேல் வந்தால் உச்சக் கிரேடான 7.

மறுதேர்வுக்கு வரம்பில்லை என்று பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். முதல் தேர்வை யாரும் படித்து எழுத மாட்டார்கள், பருவக் கடைசியில் எல்லாம் குவியும். பிழை திருத்திய தாளைக் காட்டிய பிறகே மறுதேர்வு, அதுவும் இரண்டு வாரத்துக்குள் என்பது போன்ற விதி வேலை செய்யும்.

கடைசி இரண்டு மூன்று வகுப்புகளில் மட்டும் என் சாய்வு தளர்கிறது. உயர்கல்விச் சேர்க்கை சதவீதம் கேட்கும் இடத்தில், நிலைகளைச் சதவீதமாக மாற்றும் கணக்கைப் பள்ளியே தன் முத்திரையோடு எழுதித் தர வேண்டும். நடுவில் பள்ளி மாறுவதானாலும் அந்தக் கடிதத்தையும், திறன் வாரியான பதிவின் முழுப் பிரதியையும் விலகும் முன்பே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் புதுப் பள்ளியின் அலுவலகத்தில் அந்த 3ஐ 4ஆல்தான் வகுப்பார்கள்.