பூ விலைப்பலகைக்கு எது தோது: போலிங்கா, வெப்சாக்கெட்டா, எஸ்.எஸ்.இ.யா?

தோவாளை பூச்சந்தையில் கடை வைத்திருக்கும் சித்தப்பாவுக்கு ஒரு விலைப்பலகைப் பக்கம் செய்து கொடுத்தேன். பிச்சி, மல்லி, அரளி விலை மாறினால், பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யாமலே வாங்குபவர் போனில் தெரிய வேண்டும். ஓணம் நெருங்கினால் ஒரே காலையில் விலை பலமுறை ஏறும்.

முதலில் போலிங். ஐந்து நொடிக்கு ஒருமுறை ஃபெட்ச் போட்டு "விலை மாறிச்சா?" என்று சர்வரைக் கேட்பது. சுலபம்தான். ஆனால் 200 போன் திறந்திருந்தால் நொடிக்கு 40 கேள்வி, பெரும்பாலும் பதில் "இல்லை". இடைவெளியைக் கூட்டினேன். சித்தப்பா கூப்பிட்டார்: "மக்களே, பிச்சி இன்னும் பழைய விலையிலயே நிக்கு."

வெப்சாக்கெட் இருபக்கமும் பேசும். அரட்டைக்கும் விளையாட்டுக்கும் அதுதான் சரி. எங்கள் விலையோ சர்வரிலிருந்து போனுக்கு என்று ஒரு திசையில்தான் போகிறது. எஸ்.எஸ்.இ. (சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ்) அதற்கானதுதான்: திறந்து வைத்த ஓர் இணைப்பில் சர்வர் மட்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

எனக்கு முடிவைத் தந்தது, இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதுதான். பூ ஏற்றிய வண்டியில் திருவனந்தபுரம் போகிறவர் போன் வழிநெடுக நெட்டை விட்டுவிட்டுப் பிடிக்கும். வெப்சாக்கெட்டில் திரும்ப இணைக்கும் வேலை நம் தலையில்: எத்தனை நொடி பொறுப்பது, எல்லாப் போனும் ஒரே நேரத்தில் வந்து மோதாமல் எப்படிப் பார்ப்பது, நடுவில் தவறிய விலையை எப்படிச் சேர்ப்பது. அதை எழுதி, திருத்தி, மறுபடி திருத்திச் சலித்தேன். எஸ்.எஸ்.இ.யில் பிரவுசரே திரும்ப இணைத்துக்கொள்ளும். ஒவ்வொரு விலைக்கும் ஒரு எண் கொடுத்து அனுப்புகிறேன். 41 வரை வாங்கிய போன் அறுந்து திரும்பும்போது, கோரிக்கையோடு சேர்ந்து போகும் லாஸ்ட்-ஈவென்ட்-ஐடி என்ற ஹெடரில் (தலைப்புக் குறிப்பில்) 41 என்று தானாகவே சொல்லும். சேமித்து வைத்ததில் 42இலிருந்து எடுத்துக் கொடுத்தால் போதும். காலையிலிருந்து விலை எப்படி ஏறியது என்று பார்த்துத்தான் வாங்குவார்கள், ஒன்றும் விடுபடக் கூடாது.

சில இடறல்கள் உண்டு. சர்வருக்கும் போனுக்கும் நடுவிலிருந்து கைமாற்றி விடும் ப்ராக்ஸி விலைகளைச் சேர்த்து வைத்து மொத்தமாகத் தள்ளியது; அப்படிச் சேர்த்து வைக்கும் பஃபரிங்கை நிறுத்தினேன். சும்மா கிடக்கும் இணைப்பு அறுபடாமலிருக்க 15 நொடிக்கு ஒருமுறை, பிரவுசர் கண்டுகொள்ளாத ஒரு வெற்றுக் கமென்ட் வரி போகிறது. பிரவுசரும் சர்வரும் பேசும் முறை பழைய எச்.டி.டி.பி. 1.1 என்றால் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புக்கு மேல் பிரவுசர் திறக்காது. நிறைய டேப் வைப்பவர்களுக்காக, ஒரே இணைப்பில் பலவற்றை ஓட்டும் எச்.டி.டி.பி. 2க்கு மாறினேன். ஆயிரக்கணக்கான இணைப்பைத் தாங்கவைத்த அனுபவம் எனக்கில்லை, எங்கள் கூட்டம் 200தான்.

வாங்குபவர் ஆர்டர் போட, சர்வருக்குத் தகவல் அனுப்பும் வழக்கமான எச்.டி.டி.பி. போஸ்ட் கோரிக்கை போதும். அது வந்து விழுந்ததும் சித்தப்பா போனில் இதே எஸ்.எஸ்.இ. வழியாகத் தெரிகிறது.