உபுண்டுவில் ஆப்ட்: பல வருடப் பாவனைக்குப் பிறகு

உபுண்டு லினக்ஸில் மென்பொருளைப் போடவும் நீக்கவும் உள்ள கட்டளைக் கருவிதான் ஆப்ட். அதை 16.04 பதிப்பு தொடங்கி 24.04 வரை, கொழும்பில் வீட்டு இணைப்பிலும் அலுவலகக் கணினிகளிலும் பாவித்துப் பார்த்ததை வைத்து எழுதுகிறேன். டெர்மினலில் மென்பொருள் போடுவது இரண்டு வரி வேலை (‘சூடோ’ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று பொருள்): ‘சூடோ ஆப்ட் அப்டேட்’, பிறகு ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி’. அப்டேட் எந்த மென்பொருளையும் புதுப்பிக்காது, பொதிகளின் (மென்பொருள் தொகுப்புகளின்) பட்டியலை மட்டும்தான் இறக்கும். அதை விட்டுவிட்டால், மிரரில் (பொதிகளின் நகலை வைத்திருக்கும் சேர்வரில்) இப்போது இல்லாத பழைய பதிப்பைத் தேடிப்போய் 404 (கோப்பு இல்லை) காட்டும். இலங்கை மிரர் மந்தமாக இருந்தால், 24.04இல் மிரர் முகவரி உள்ள ‘உபுண்டு.சோர்சஸ்’ கோப்பைத் திறந்து முகவரியின் முன்னால் உள்ள ‘எல்கே.’ என்பதை எடுத்துவிட்டால் பிரதான சேர்வருக்குப் போய்விடும்.

மின்வெட்டில்தான் ஆப்ட்டின் பலம் தெரிகிறது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாத ஊர் இது. இறக்கும்போது ரவுட்டர் நின்றால் பயமில்லை. பாதிக் கோப்பு ‘பார்ஷியல்’ அடைவில் கிடக்கும், அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும். பொதியைப் பிரித்துப் போடும்போது கணினியே நின்றால்தான் சிக்கல். அப்போது முதலில், ஆப்ட்டின் கீழே பொதிகளைப் போடும் டிபிகேஜி கருவியை வைத்து ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, அடுத்து ‘சூடோ ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்’. பெரும்பாலும் இந்த இரண்டிலேயே சரியாகிவிடும். பேட்டரி செத்த பழைய மடிக்கணினி என்றால் ‘சூடோ ஆப்ட் அப்கிரேட் -டி’ (‘-டி’ என்றால் டவுன்லோட் மட்டும்) கொடுத்து இரவு டேட்டாவில் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். கரண்ட் நிச்சயமாக இருக்கும் நேரத்தில் ‘-டி’ இல்லாமல் அதையே ஓட்டினால் சில நிமிட வேலை.

‘லொக் கிடைக்கவில்லை’ என்று வந்தால் லொக் கோப்பை (ஒரே நேரத்தில் இரண்டு ஆப்ட் ஓடாமல் தடுக்கும் பூட்டை) அழிக்கவே வேண்டாம். பெரும்பாலும் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். எந்தச் செயல்முறை பிடித்திருக்கிறது என்று அந்தச் செய்தியிலேயே இலக்கத்தோடு இருக்கும். காத்திருந்தால் போதும். அழித்துவிட்டு இன்னொன்றை ஓட்டினால் இரண்டும் ஒரே தரவுத்தளத்தில் எழுதப் பார்க்கும்.

நீக்குவதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ‘ரிமூவ்’ நிரலை எடுக்கும், ‘/ஈடிசி’யில் உள்ள அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். ‘பர்ஜ்’ அதையும் துடைக்கும். இரண்டுமே உங்கள் ஹோம் அடைவைத் தொடாது. அங்கே உள்ளதை நீங்களேதான் அழிக்க வேண்டும். ‘டிபிகேஜி -எல்’ பட்டியலில் ‘ஆர்சி’ என்று தொடங்கும் வரிகள் அரைகுறையாக நீக்கப்பட்டவை, அதாவது அமைப்புக் கோப்பு மட்டும் மிஞ்சியவை. 20.04 முதல் ‘சூடோ ஆப்ட் பர்ஜ் '~சி'’ என்ற ஒரே கட்டளையில் அவை எல்லாம் போய்விடும், மேற்கோள் குறிகளை மட்டும் விடக்கூடாது.

எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’ சொல்லிவிடும் ‘-வை’ போட்டு நீக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். புதிய பதிப்பை வேறாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து ‘பைத்தன்3’ஐ நீக்கப் போனால், அதை நம்பியிருக்கும் டெஸ்க்டொப், டெர்மினல் எல்லாமே ‘நீக்கப்படும்’ பட்டியலில் நீளமாக வரும். வாசித்தால் அந்த இடத்திலேயே ‘என்’ (வேண்டாம்) அடித்துத் தப்பலாம். சந்தேகமிருந்தால் ‘-எஸ்’ சேர்த்துப் பாருங்கள், எதையும் தொடாமல் நடக்கப்போவதை மட்டும் காட்டும். ‘ஆட்டோரிமூவ்’ இனி எதுவும் நம்பியிராத பொதிகளையும் பழைய கேர்னல்களையும் (இயங்குதளத்தின் கருக்களையும்) எடுத்து ‘/பூட்’ நிரம்பாமல் காக்கும், ஆனால் அதன் பட்டியலில் உங்களுக்கு வேண்டிய பொதி இருந்தால் முதலில் ‘சூடோ ஆப்ட்-மார்க் மேனுவல்’ கொடுத்துக் காப்பாற்றுங்கள்.

கை தவறி நீக்கிவிட்டாலும் வழியுண்டு: ‘/வர்/லொக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லொக்’ கோப்பில் என்ன கட்டளை, எத்தனை மணிக்கு, எந்தெந்தப் பொதி போனது என்று பெயர் பெயராக இருக்கும். ‘ரிமூவ்:’ வரியில் உள்ள பெயர்களை எடுத்து இன்ஸ்டாலுக்குக் கொடுத்தால் அந்தப் பொதிகள் திரும்ப வந்துவிடும்.